குறட்டை

என் தம்பி மாரடைப்பால் காலமானான் என்று மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

2020 டிசம்பர் மாதம். கொரோனாவால் ரொறன்ரோ நகரம் அடைத்துக் கிடந்தது. செத்தவீட்டில் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம். அந்தச் சட்டம் அன்றைக்கு எனக்கு உதவி செய்தது. கேள்வி கேட்க ஆட்கள் இல்லை. வந்த சிலரும் முகக்கவசத்துக்குள் நின்று "இந்த வயசில என்னெண்டு இப்பிடி?" என்று கேட்டார்கள். "ஹார்ட் அற்றாக்" என்றேன். "ரண்டு வேலை, நித்திரை இல்லை, இந்தக் குளிர்..." என்று மிச்சக் காரணங்களை அவர்களே சொல்லி என் பொய்யை முடித்து வைத்தார்கள்.

அவன் மாரடைப்பால் சாகவில்லை. பென்ரனில் கலந்த ஒரு போலி மாத்திரையால் செத்தான். வயது 29.

இந்த இரண்டு வசனங்களையும் தமிழில் எழுத எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஆங்கிலத்தில் முதலே சொல்லியிருந்தேன். பொலிசுக்குச் சொன்னேன், மரண விசாரணை அலுவலகத்தில் சொன்னேன். அது எனக்கு அந்நியமான மொழி. அதில் எதையும் சொல்லலாம், யாருக்கோ நடந்தது போல இருக்கும். தமிழில் சொன்னால் அது எங்கள் வீட்டுக்குள் நடந்ததாகிவிடும்.

*

சொந்தத் தம்பியல்ல, சின்னம்மாவின் மகன். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு வன்னியில் சின்னம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது, அவனுக்கு நாலு. ஒரே பாயில் படுத்தோம். பிறகு நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டோம். அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். இந்த ஒரு வித்தியாசம்தான் பின்னாளில் எங்கள் இரண்டு பேரின் உடம்பையும் வேறு வேறாக்கியது. 2009இல் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். அவன் மாத்தளனில் பங்கருக்குள் இருந்தான். முதுகில் செல் துண்டு பட்டது. மயக்கமருந்து இல்லாமல்தான் காயத்தைக் கழுவித் தைத்தார்கள். ஒரு துண்டை எடுக்க முடியவில்லை, உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி 'சன் சீ' கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்குவைமால்ற் துறைமுகத்துக்கு வந்து இறங்கிய 492 பேரில் நாங்கள் இரண்டு பேர். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். அவனுக்கு விடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சின்னம்மா காணியை ஈடு வைத்து அவனை அனுப்பினா. போகிறபோது என் கையைப் பிடித்து, "ராசா, நீ படிச்சனி, இவனைப் பாத்துக்கொள்" என்று சொன்னா. மேப்பிள் ரிட்ஜ் சிறையில் மாதக்கணக்கில் இருந்தோம். பிறகு எல்லாரையும் போல ரொறன்ரோ. ஸ்காபுரோவில் ஒரு பேஸ்மென்ற். எல்லாரையும் போல ரெஸ்ரோறன்ற் வேலை.

இந்த நகரத்தின் குசினிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னுக்கு இத்தாலியப் பெயர் இருக்கும், பின்னுக்குப் போனால் எங்கடை பொடியள் பாஸ்ரா அவித்துக்கொண்டிருப்பார்கள். அவன் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இரண்டு வருடத்தில் அடுப்படிக்கு வந்துவிட்டான். கைப்பக்குவம் இருந்தது. என்னைவிட அவன்தான் நல்ல சமையற்காரன்.

2014இல் ஒரு சனிக்கிழமை இரவு பெரிய சூப் பானையைத் தூக்கிக்கொண்டு வரும்போது எண்ணெய் படிந்த தரையில் சறுக்கி விழுந்தான். பழைய காயத்தின் மேல் புதிய காயம். வேலையிடத்துக் காப்புறுதிக்கு எழுத வேண்டாம், சம்பளத்தில் பாதி கையில் காசாகத்தானே வருகிறது, பிரச்சினை வரும் என்று முதலாளி சொன்னார். நாங்களும் பேசாமல் இருந்தோம். டொக்ரர் வலிமாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒக்சிகோடோன்.

முதல் மாத்திரை போட்ட அன்று பின்னேரம் அவன் என்னிடம் சொன்னதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். "அண்ணை, 2009க்குப் பிறகு இண்டைக்குத்தான் எனக்கு முதுகு எண்டு ஒண்டு இருக்கிறதை மறந்தனான்."

இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒருக்கால் நின்று யோசிக்க வேண்டும். போதை என்றதும் சந்தோஷம் தேடிப் போகிறவர்கள் என்றுதான் நினைக்கிறோம். அவன் தேடியது சந்தோஷமில்லை. நோவில்லாத ஒரு பின்னேரம்.

*

நான் அரைகுறையாகப் படித்த இரசாயனவியலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அதிலிருந்து பிரித்தெடுத்தது மோர்பின். அபினில் உள்ள இன்னொரு பொருளை மாற்றிச் செய்ததுதான் ஒக்சிகோடோன். 1996இல் பேர்டியூ என்ற அமெரிக்க நிறுவனம் அதை 'ஒக்சிகொன்ரின்' என்ற பெயரில், மெல்ல மெல்லக் கரைகிற மாத்திரையாகச் சந்தைக்கு விட்டது. அடிமையாக்கும் தன்மை குறைவு என்று சொல்லி டொக்ரர்மாருக்கு விற்றார்கள். அது பொய். ஏமாற்றி விற்றதாக 2007இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் வேறு குற்றங்களையும் ஒப்புக்கொண்டது. அந்த வருடக் கடைசியில்தான் என் தம்பி செத்தான்.

மூன்று வருடம் மாத்திரை தொடர்ந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகியது. 2017இல் கனடாவில் டொக்ரர்மாருக்குப் புதிய வழிகாட்டல் வந்தது. இந்த மாத்திரைகளைக் கவனமாகக் கொடுங்கள், அளவைக் குறையுங்கள் என்று. வழிகாட்டல் சரியானதுதான். மெல்ல மெல்லக் குறைக்கத்தான் அதிலும் சொல்லியிருந்தது. ஆனால் அவனுடைய டொக்ரர் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். மூன்று வருடம் பழகிய உடம்பு அடுத்த நாளே கேட்கும். வியர்த்து, நடுங்கி, சத்தியெடுத்து, எலும்பெல்லாம் குத்தி மூன்று நாள் கிடந்தான். காய்ச்சல் என்று நினைத்து நான் மல்லி அவித்துக் கொடுத்தேன். நாலாம் நாள் சுகமாகி வேலைக்குப் போனான். எப்படிச் சுகமானான் என்று நான் கேட்கவில்லை. குசினியில் யாரோ கொடுத்த மாத்திரை என்று பிறகுதான் தெரிந்தது.

தெருவில் விற்கிற மாத்திரை பார்வைக்கு மருந்துக்கடை மாத்திரை போலவே இருக்கும். நிறம், எழுத்து எல்லாம் அதேதான். உள்ளே இருப்பது பென்ரனில். 1960இல் பெல்ஜியத்தில் போல் ஜான்சன் என்பவர் சத்திரசிகிச்சைக்காகக் கண்டுபிடித்தது. மோர்பினைவிட 50 முதல் 100 மடங்கு வலு. ஆஸ்பத்திரியில் அளந்து கொடுப்பார்கள். தெருவில் யாரோ ஒருவன் எங்கேயோ ஒரு மேசையில் மாவோடு குழைத்து அச்சில் போடுகிறான். குசினிக்காரருக்கு இது விளங்கும். மாவில் உப்புச் சரியாகக் கலக்காவிட்டால் ஒரு ரொட்டி சப்பென்று இருக்கும், அடுத்த ரொட்டி வாயில் வைக்க ஏலாமல் கரிக்கும். அந்தக் கரிக்கிற ரொட்டி அவன் கைக்கு வந்த நாள் 2020 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை.

*

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு நான் வேலைக்கு வெளிக்கிட்டேன். ரெஸ்ரோறன்றுகளில் உள்ளே இருந்து சாப்பிட அனுமதியில்லை, கட்டிக் கொடுக்கிற சாப்பாடு மட்டும்தான். என் கடையில் வேலை இருந்தது. அவன் வேலை செய்த கடை பூட்டிவிட்டார்கள். மாதக்கணக்காக அவன் அந்தப் பேஸ்மென்றில் தனியே இருந்தான்.

அவனுடைய அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் சரிந்து கிடந்தான். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வழக்கமான குறட்டையில்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போல ஆழமாக, இடையிடையே நின்று நின்று வந்த சத்தம். "பாவம், நல்ல நித்திரை" என்று நினைத்தேன். எழுப்பாமல் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனேன்.

இரவு பதினொன்றரைக்கு வந்தபோது உடம்பு குளிர்ந்துவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் அலுமினியத் தாள் ஒரு துண்டு, கருகியபடி கிடந்தது. நாங்கள் குசினியில் இறைச்சி மூடுகிற அதே தாள். 911க்கு அடிக்க முதல் அதை எடுத்துக் கசக்கி மேல்வீட்டுக்காரரின் குப்பைக்குள் போட்டேன். அகதியாக வந்தவனுக்குப் பொலிஸ் என்றால் கை தானாகவே எதையாவது ஒளிக்கும். அவன் உயிரோடு இருந்திருந்தாலும் நான் அதைத்தான் முதலில் செய்திருப்பேனோ என்ற கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. 2017இலேயே கனடாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. அளவுக்கு மீறிப் போனவருக்காக 911ஐ அழைக்கிறவர் மீதும், அந்த இடத்தில் இருப்பவர்கள் மீதும், போதைப்பொருளைக் கையில் வைத்திருந்தது என்ற குற்றம் மட்டும் சுமத்தமாட்டார்கள். எனக்கு அது தெரியாது.

இன்னொன்றும் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து மூன்று நிமிட நடையில் ஒரு பாமசி இருக்கிறது. கிழமைக்கு ஒருக்கால் பனடோல் வாங்கப் போவேன். அங்கே நலொக்சோன் என்ற மருந்து இருக்கிறது. ஒன்ராறியோவில் 2016 நடுப்பகுதியிலிருந்து பாமசிகளில் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். மூக்கில் அடிக்கிற சின்னக் குப்பி. பென்ரனில் போய்ப் பிடித்திருக்கிற இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் இருந்துகொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சுத் திரும்பும். மூன்று நிமிட நடையில் இருந்த மருந்து. அன்று மூன்று மணிக்கு நான் அந்தப் பாமசி வாசலால்தான் பஸ்ஸுக்குப் போனேன்.

*

அவன் செத்து ஒரு மாதத்தில், 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். நான் படித்த வளாகம். ரொறன்ரோவில் சனம் கொதித்தது. வாகனப் பேரணி நடந்தது. நானும் ஒருவருடைய காரில் ஏறிப் போனேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிருக்குள் கையை வெளியே நீட்டிக் கத்தினேன். எங்கள் சாவுகளை மறைக்காதே, எங்கள் நினைவுகளை அழிக்காதே.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவனுடைய சப்பாத்துப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு என்னால் எழும்ப முடியவில்லை. அவர்கள் இடித்தது கல்லை. நான் என்ன செய்தேன்? மாத்தளனில் தொடங்கி ஸ்காபுரோவில் முடிந்த ஒரு காயத்தை 'திடீர் மாரடைப்பு' என்ற இரண்டு சொல்லால் மூடிவிட்டேன். வருடாவருடம் மே 18இல் நாங்கள் செத்தவர்களை நினைத்து விளக்கேற்றுகிறோம். அந்தப் போரின் செல் துண்டை முதுகில் சுமந்துகொண்டு வந்து பதினொரு வருடம் கழித்துச் செத்தவனுக்கு எந்த விளக்கு?

இளைப்பாறிய ஒரு மூத்தவரிடம் இதைச் சொன்னேன். எண்பதுகளில் சுவிற்சர்லாந்துக்குப் போய், பிறகு இங்கே வந்தவர். அவர் கன நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "தம்பி, நாங்கள் அங்க போய் இறங்கின காலத்தில தமிழன் எண்டால் ஹெரோயின் விக்கிறவன் எண்டுதான் பேப்பரில எழுதினவங்கள். றோட்டில நிப்பாட்டிச் சட்டைப்பையைத் தடவுவாங்கள். அந்தப் பெயரைக் கழுவ எங்களுக்கு இருபது வருசம் எடுத்தது. அதுதான் சனம் இதைப்பற்றி வாய் திறக்காது." எங்கள் மௌனத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்காக அந்த மௌனத்தை மன்னித்துவிட முடியவில்லை.

*

சின்னம்மாவுக்குச் சொல்லாமல் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் சொல்லத் துணிவு வரவில்லை. ஆண்டுத் திவசம் வந்தது. 2021 டிசம்பர். அங்கே விடியற்காலை, இங்கே மாலை. வட்ஸ்அப்பில் அவனுடைய படத்துக்குப் பூ வைத்திருந்ததைக் காட்டினா. அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு படைத்திருந்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, தெரு, குறட்டை, கதவு. அலுமினியத் தாளையும் சொன்னேன்.

சின்னம்மா அழவில்லை. நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா:

"எனக்கு ஏன் நோகுது எண்டு சொல்லேல்லை? ஒவ்வொரு ஞாயிறும் கதைச்சவன்."

"நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான் சின்னம்மா."

"அப்ப... கடைசியில அவனுக்கு நொந்திருக்குமே?"

நான் பல்கலைக்கழகத்தில் படித்ததற்கு வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் பிரயோசனம் வந்தது. "இல்லைச் சின்னம்மா. அது நோவை எடுக்கிற மருந்து. மூச்சை மறக்கப் பண்ணும். அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்றேன். அது உண்மை. அப்போதுதான் அழுதா.

ஒரு கிழமை கழித்து அவவே எடுத்தா. "ராசா, இஞ்சையும் பொடியள் தூளாலயும் ஐஸாலயும் அழியுதுகள். தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டு இருக்குதுகள். நீ சொல்லு. ஆனா என்ர பிள்ளையைத் தூள்காரன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. அவளுக்கு ஒரு கலியாணம் முடியுமட்டும் பேரைப் போடாதை."

அவள் என்றது என் தங்கச்சி, அவனுடைய தங்கை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவனுடைய பெயர் இல்லை. மறைக்காதே என்று எழுதுகிற கட்டுரையிலேயே பெயரை மறைத்திருக்கிறேன். எனக்கு இது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாயிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

*

என்ன செய்கிறாய் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. திங்கட்கிழமைகளில் பல கடைகள் நேரத்தோடு பூட்டும். தெரிந்த குசினிகளுக்குப் போவேன். பொடியள் பியர்ப் போத்தலோடு பால்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருப்பார்கள். பத்து நிமிடம் கேட்பேன்.

முதலில் குறட்டைச் சத்தத்தை நானே செய்து காட்டுவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்தச் சத்தம் காதில் நின்றால் போதும். பிறகு சொல்வேன்: கூப்பிட்டுப் பாருங்கள், தோளைப் பிடித்து உலுப்புங்கள். எழும்பாவிட்டால் உடனே 911. சொண்டு நீலமாகும் என்று நோட்டீசில் போட்டிருக்கும். எங்கள் நிறத்துக்கு நீலம் தெரியாது, சாம்பல் பூத்தது போல இருக்கும். நகத்தையும் சொண்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். மூக்கில் ஒரு குப்பியை முழுவதும் அடியுங்கள். மூச்சு இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூன்று நிமிடத்தில் மாற்றமில்லாவிட்டால் மற்றக் குப்பி. மூச்சு வந்தால் பக்கவாட்டாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எழும்பிவிட்டான் என்று விட்டுவிட்டுப் போகாதேயுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மருந்தின் பிடி விட்டுவிடும், பென்ரனில் உள்ளே மிச்சம் இருந்தால் மூச்சு திரும்பவும் நிற்கலாம். அம்புலன்ஸ் வருமட்டும் பக்கத்தில் இருங்கள். அவன் உண்மையில் வேறு வருத்தத்தால் விழுந்திருந்தால்? இந்த மருந்தால் கெடுதியில்லை. சந்தேகமென்றால் அடியுங்கள்.

கடைசியாக ஒன்று சொல்வேன்: தனியே எடுக்காதேயுங்கள். "எடுக்காதை எண்டெல்லோ அண்ணை சொல்லவேணும்?" என்று ஒருவன் கேட்டான். எடுக்காதே என்று நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? செத்தவனைத் திருத்த முடியாது. உயிரோடு இருப்பவனுக்கு மெதடோன் இருக்கிறது, புப்ரினோபின் இருக்கிறது. நோவையும் நடுக்கத்தையும் அடக்கி, வேலைக்குப் போய்வர வைக்கிற மருந்துகள். அதற்கு முதல் அவன் மூச்சுவிட வேண்டும்.

2023 ஜூன் முதலாம் திகதியிலிருந்து ஒன்ராறியோவில், வேலையாள் ஒருவருக்கு வேலையிடத்தில் இப்படி நடக்கக்கூடும் என்று தெரிந்தால், முதலாளி நலொக்சோன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு முதலாளியிடம் இதைச் சொன்னேன். "எங்கடை கடையில அப்பிடி ஆக்கள் இல்லை" என்றார். நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். அடுத்த கிழமை எனக்கு அங்கே வேலை நாள் குறைந்துவிட்டது. ஒரு கோயிலில் துண்டுப்பிரசுரம் வைக்கக் கேட்டபோது, இது புனிதமான இடம் என்று சொன்னார்கள். முடிவெட்டுகிற கடைக்காரர் ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல் வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். பொடியள் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும்போது வாசிக்கிறார்களாம்.

ஓகஸ்ட் 31ஆம் திகதி அளவுமீறிய போதையால் செத்தவர்களை நினைக்கிற நாள். 2001இல் அவுஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கியது. ரொறன்ரோவிலும் கூடுகிறார்கள். முதல் வருடம் ஒரு மூலையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருடம் அவனுடைய படத்தைக் கையில் கொண்டு போனேன். படத்தில் பெயர் எழுதவில்லை. அங்கே நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாய், "என்ன வேலை செய்தான்?" என்று கேட்டா. எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை. சமையற்காரன் என்றேன். அவதான் எனக்கு அந்தத் தாய்மாரின் அமைப்பைப் பற்றிச் சொன்னா. 2016இல் மூன்று கனடியத் தாய்மார் தொடங்கியது, 'மொம்ஸ் ஸ்ரொப் த ஹாம்'. அவர்களில் ஒருவரான பெற்ரா ஷுல்ஸின் மகன் டானி, 2014இல் எட்மன்ரனில் பென்ரனிலால் இறந்தவர், அவரும் ஒரு சமையற்காரர். வயது 25. அன்று வீட்டுக்கு வந்து அதை வாசித்தபோது, முன்பின் தெரியாத அந்தப் பிள்ளைக்காகவும் அழுதேன். அவர் எந்த அடுப்பில் நின்றிருப்பார், என்ன கத்தி வைத்திருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2016இலிருந்து கனடாவில் இப்படிச் செத்தவர்கள் 50,000க்கும் மேல். நாலில் மூன்று பேரளவில் ஆண்கள். கூடுதலானவர்கள் உழைக்கிற வயதுக்காரர். இப்போது எங்கள் மரண அறிவித்தல்களில் 'திடீரென' என்ற சொல்லைக் கண்டால் நான் உடனே வயதைப் பார்க்கிறேன். தப்பாகவும் இருக்கலாம். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் மார்க்கத்திலிருந்து ஒரு அம்மா இரவு ஒரு மணிக்கு ரெலிபோன் எடுத்தா. முடிவெட்டுகிற கடையில் நோட்டீசைப் பார்த்துவிட்டு மகனின் அறைக்குள் ஒரு குப்பி வாங்கி வைத்திருந்தாவாம். அன்று அது உதவியது. மகன் ஆஸ்பத்திரியில், உயிரோடு. அழுதுகொண்டே நன்றி சொன்னா. வைக்கும்போது, "தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றா. சொல்லமாட்டேன் அம்மா என்றேன். பிள்ளை பிழைத்ததையும் ஒளிக்க வேண்டியிருக்கிறது. ஊர் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். அந்த ஊரில் தமிழர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும்.

*

இவ்வளவும் செய்வதால் துக்கம் குறைந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். குறையவில்லை. அவனுடைய சாவை வைத்துப் பெயர் எடுக்கிறேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு என்னிடம் பதிலில்லை. அந்தக் கதவை நான் மெல்லச் சாத்தியதை எந்தத் துண்டுப்பிரசுரமும் திறந்துவிடப் போவதில்லை. வேறு யாரும் அப்படி ஒரு கதவைச் சாத்திவிடாமல் இருக்கத்தான் இந்த அலைச்சல்.

எங்கள் கடையில் இப்போது கோப்பை கழுவ ஒரு பொடியன் வந்திருக்கிறான். விசிற்றர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை வைத்தவன். முல்லைத்தீவு. பகலில் இன்னொரு வேலை. போன கிழமை பின்னேர இடைவேளையில், பின்னுக்கு அரிசி மூட்டைகளின் மேல் படுத்துவிட்டான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். குறட்டைச் சத்தம் கேட்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு தோளையும் பிடித்து உலுப்பினேன். துடித்துப் பதைத்து எழும்பினான்.

"என்னண்ணை? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. நீ படு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் குறட்டை. சீராக, நிற்காமல், நல்ல நித்திரைக் குறட்டை. நான் வெங்காயத்தையும் பலகையையும் அங்கேயே தூக்கிக்கொண்டு வந்து, அவனுக்குப் பக்கத்தில் நின்று வெட்டினேன்.